தடை மட்டும் தமிழில் வருகிறது

மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் ஆய்வு செய்யும் விஞ்ஞானிகளுக்கும், அந்த ஆய்வுகளுக்குப் பணமும் அனுமதியும் கொடுக்கும் மத்திய, மாநில அரசுத் துறைகளுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

எங்கள் கடலில் நீங்கள் என்ன கண்டுபிடித்தீர்கள் என்பது எங்களுக்கு வந்து சேர்வதில்லை. அதை வைத்து எடுத்த முடிவு மட்டும் வந்து சேர்கிறது. கரையில் நட்டிருக்கும் பலகைகளைப் பாருங்கள். தீவுக்குள் நுழையாதே, பவளப்பாறையைத் தொடாதே, மீறினால் சிறை என்று கொட்டை எழுத்தில், பிழையில்லாத தமிழில் எழுதியிருக்கிறது. ஏன் நுழையக் கூடாது, பாறைக்கு என்ன ஆனது, அதை யார் எப்போது பார்த்தார்கள் என்பதெல்லாம் ஆங்கிலத்தில் எங்கேயோ இருக்கிறது. தடை தமிழில் வருகிறது. காரணம் ஆங்கிலத்திலேயே தங்கிவிடுகிறது. இதைப் பல வருடமாகப் பொறுத்துக்கொண்டோம். போன மாதம் நடந்த ஒரு கூட்டத்துக்குப் பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை.

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவள் நான். பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். என் அம்மா பாசி எடுப்பவர். கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல் ஒவ்வொன்றிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, பாறையில் இருக்கும் மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் கையால் பிய்த்து, இடுப்பில் கட்டிய பையில் போட்டு மேலே வருகிற தொழில். உங்கள் ஆய்வகத் தட்டில் நுண்ணுயிரி வளர்க்க ஊற்றுகிறீர்களே அகர், அதை இப்படிப்பட்ட பாசிகளிலிருந்துதான் எடுக்கிறார்கள். அந்தக் காசில்தான் நான் பி.எஸ்சி. படித்தேன்.

போன மாதம், தென்கடல் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறையையும் கடற்புல்லையும் பற்றி ஓர் ஆய்வு முடிந்திருக்கிறது, அதன் முடிவை ஊர்க்காரர்களிடம் சொல்லப் போகிறார்கள் என்று அழைப்பு வந்தது. அமாவாசையை ஒட்டிய நாள் அது. நீர் வற்றுகிற அந்த மாதிரி நாட்களில்தான் பாசிக்குப் போக முடியும். அந்த நாள் வருமானத்தை விட்டுவிட்டுத்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் வந்து பின்வரிசைகளில் உட்கார்ந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேச்சு நடந்தது. பேச்சும் ஆங்கிலம், திரையில் ஓடியதும் ஆங்கிலம். கடைசியில் ஒருவர் எழுந்து, "கடல் நம் எல்லோருக்கும் தாய், அதை நீங்கள்தான் பாதுகாக்க வேண்டும்" என்று தமிழில் சொல்லி முடித்தார். டீ கொடுத்தார்கள், பேனருக்கு முன்னால் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள்.

நடுவில் திரையில் ஒரு வரைபடம் வந்தது. அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அந்த வரைபடத்தில் இருந்த தீவுகளை வடிவத்தை வைத்தே ஒவ்வொன்றாகச் சொன்னார். இது முயல்தீவு, இது மனோலி, இந்தப் பக்கம் இருப்பது மனோலிபுட்டி என்று என் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். தீவுகளின் ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. சில புள்ளிகள் அம்மா முங்கும் இடத்துக்கு நேராகவே இருந்தன. அவரால் சும்மா இருக்க முடியவில்லை, எழுந்து கேட்டுவிட்டார்: "சார், அந்தச் செவப்பு என்ன சார்?" "அதெல்லாம் டெக்னிக்கல்மா, அப்புறம் சொல்றோம்" என்றார்கள். அம்மா உட்கார்ந்தார். அப்புறம் யாரும் சொல்லவில்லை.

படத்தின் மூலையில் சின்ன எழுத்தில் இருந்ததை நான் படித்தேன். மனிதத் தொந்தரவு அதிகமுள்ள இடங்கள் என்று போட்டு, காரணங்களில் முதலாவதாகப் பாசி எடுப்பதைக் குறித்திருந்தார்கள். அதாவது அந்தச் சிவப்புப் புள்ளி என் அம்மாதான். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரியாமலே அவர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வரும் வழியில், "என்னத்தா சொல்லிட்டுப் போறாக?" என்று கேட்டார். நான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்துவிட்டு, "நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றார்.

கேட்டிருந்தால் அவர் என்னவெல்லாம் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். பாறையைச் சுரண்டும் இரும்பை விட்டுவிட்டு, கையால் மட்டும் எடுப்பது என்று பெண்களே பேசி முடிவு செய்ததைச் சொல்லியிருப்பார். மாதத்தில் 12 நாள் போலத்தான் போகிறோம், மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டிப் பாசி திரும்ப வளரட்டும் என்று நாங்களாகவே நிறுத்திவைக்கிறோம் என்று சொல்லியிருப்பார். வேரோடு பிடுங்கினால் அடுத்த தடவை அந்தக் கல்லில் பாசி இருக்காது என்பது முங்குகிறவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? இந்தத் தொழிலில் இருக்கிற பெண்களைத் திரட்டி, இந்தக் கட்டுப்பாடுகளுக்காகவும் அவர்களுடைய உரிமைக்காகவும் நின்ற சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவில் இருக்கும் சீக்காலஜி அமைப்பின் சர்வதேச விருது கிடைத்தது. அமெரிக்காவில் இருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம், இந்தக் கரையில் வரைபடம் போட்டவர்களுக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லியிருப்பார். 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையை ஒட்டிய கடலில் குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது. ஆனாலும் கரையோரம் வந்து மடி, அதாவது இழுவலை, இழுக்கிறார்கள். அந்த மடி கடற்புல்லை வேரோடு சுருட்டிக்கொண்டு போகிறது, மறுநாள் கரையில் புல் குவியல் குவியலாக ஒதுங்குகிறது. புல் போனால் ஓரா மீன் போகும், நண்டுக்குஞ்சு போகும், ஆவுளியா என்கிற கடற்பசுவின் மேய்ச்சலும் போகும். அந்த இடங்களில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. பகலில் படகில் வந்து போகிறவருக்குக் கண்ணில் படுவது முங்கி எழுகிற பெண்கள்தான். இரவில் வருகிறவனைக் கணக்கெடுக்க யார் போனார்கள்? அந்த வரைபடம் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அரைகுறை. எங்களுக்குப் புரிகிற மொழியில் காட்டியிருந்தால், அது அரைகுறை என்று அந்த இடத்திலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கூட்டம் முடிந்ததும் அறிக்கையின் பிரதி கேட்டேன். திட்டத்துக்குப் பணம் கொடுத்தவர்களின் அனுமதி இல்லாமல் தர முடியாது, கட்டுரை இதழில் வந்திருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இணையத்தில் தேடினேன். சுருக்கம் மட்டும் இலவசம். முழுக் கட்டுரைக்கு டாலரில் கேட்டார்கள். என் ஊருக்கு எதிரில் இருக்கும் பாறையைப் பற்றிய கட்டுரை அது. அதற்கான பணம் அரசுப் பணம், அதாவது நாங்கள் வாங்கும் சோப்புக்கும் டீசலுக்கும் கட்டிய வரியும் சேர்ந்த பணம்.

மத்திய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள். செய்தி வந்த அன்று நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். பிறகு விவரம் படித்தால், அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும்தான். பள்ளிக்கூடம் அதில் இல்லை, ஊர் நூலகம் இல்லை, மீனவர் சங்கம் இல்லை. பணம் பொதுமக்களுடையது, கடலும் பொதுமக்களுடையது, படிக்கிற உரிமை மட்டும் வளாகத்துக்குள் இருப்பவர்களுக்கு. இதை எந்த நியாயத்தில் ஏற்றுக்கொள்வது?

2019 செப்டம்பரில் பாம்பன், குந்துகால் பக்கம் கடல் பச்சையாக மாறியது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் கரைக்கும் அது வந்தது. பூங்கோரை என்று பெரியவர்கள் சொன்னார்கள். காலையில் போய்ப் பார்த்தால் அலை ஓரத்தில் தண்ணீர் கெட்டியான பச்சையாக, கையில் அள்ளினால் கொழகொழவென்று இருந்தது. பாறை இடுக்கில் வாழும் மீன்கள் வாயைத் திறந்தபடி செத்து ஒதுங்கிக் கிடந்தன. குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் குச்சியால் புரட்டிப் பார்த்தார்கள். ஒரு வாகனத்தில் ஆட்கள் வந்தார்கள், பாட்டிலில் தண்ணீர் எடுத்தார்கள், மீனையும் பையில் போட்டுக்கொண்டார்கள். மீனைத் தின்னலாமா கூடாதா, குளித்தால் அரிக்குமா, எத்தனை நாளில் சரியாகும் என்று பெண்கள் கேட்டார்கள். ஆய்வு முடிவு வந்ததும் சொல்கிறோம் என்று பதில். இன்றுவரை அந்தக் கரைக்கு யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை.

அந்த இடைவெளியில் வாட்ஸ்அப் புகுந்துவிட்டது. கப்பலில் இருந்து விஷம் கொட்டிவிட்டார்கள், இலங்கைக்காரன் மருந்து கலந்துவிட்டான், சுனாமி வரப்போகிறது என்று ஆளுக்கொரு குரல்பதிவு. சில நாட்கள் மீன் விலை போகவில்லை. நல்ல கடலில் பிடித்த மீனைக்கூட வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் சொன்னது, ஆங்கிலச் செய்திகளில் தேடிப் படித்து நானே தமிழில் எழுதி வைத்தது. நாக்டிலூக்கா சின்டிலன்ஸ் என்கிற, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவிலான ஓர் உயிர். அதன் உடம்புக்குள் பச்சைப் பாசி ஒன்று கூட்டாகக் குடியிருப்பதால் பச்சை நிறம். தென்மேற்குப் பருவக்காற்று ஓயும் சமயத்தில் பெருகுகிறது. அளவுக்கு மீறிப் பெருகிச் சாகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் குறைகிறது, அம்மோனியா கூடுகிறது. வேகமாக விலகிப் போகிற மீன் தப்பிக்கிறது, பாறையோடு ஒட்டி வாழும் மீன் மூச்சு முட்டிச் சாகிறது. இவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில், மடி பிரித்துக்கொண்டிருக்கிற இடத்திலேயே சொல்லிவிடலாம். அதே வருடம் ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக ஒளிர்ந்தது. அதற்கும் இந்த நாக்டிலூக்காதான் காரணம் என்றார்கள். மறுநாளே தொலைக்காட்சிகளில் விளக்கம் ஓடியது. சென்னையில் வேடிக்கை பார்த்தவர்களுக்குக் கிடைத்தது, இங்கே பிழைப்பு போனவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டாமா?

கப்பாபைகஸ் பாசி விஷயம் இதைவிடக் கனமானது. பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி. ஆராய்ச்சிக்காக இங்கே கொண்டுவந்தார்கள், 2000-களின் தொடக்கத்தில் ஒப்பந்த முறையில் வணிகத்துக்கு வந்தது. மூங்கில் மிதவை கட்டி, கயிற்றில் துண்டு துண்டாகப் பாசியைக் கட்டித் தொங்கவிட்டால் ஒன்றரை மாதத்தில் அறுவடை. முங்க வேண்டாம், கை கிழியாது. எங்கள் பெண்கள் நம்பி இறங்கினார்கள். நல்ல காசும் பார்த்தார்கள். 2005-லேயே தமிழக அரசு, மன்னார் வளைகுடாத் தீவுகள் இருக்கும் பகுதியைத் தவிர்த்து, பாக் விரிகுடாவின் வட பகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும்தான் வளர்க்கலாம் என்று கட்டுப்பாடு போட்டது. 2008-ல் குருசடைத் தீவில் உயிருள்ள பவளப்பாறை மேல் இந்தப் பாசி படர்ந்து மூடுகிறது என்று ஆய்வுக் கட்டுரை வந்தது. உடைந்து மிதந்து போகும் துண்டு ஒன்று போதும், பாறையில் ஒட்டி வளர்ந்துவிடும், வெளிச்சம் கிடைக்காமல் பவளம் சாகும் என்பது அவர்கள் வாதம். பரவவில்லை, கட்டுக்குள்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று இன்னொரு தரப்பு விஞ்ஞானிகள். 2013-ஐ ஒட்டி மிதவைப் பாசி கூட்டம் கூட்டமாக அழுகிப்போனது. அதற்குக் கடல் சூடு காரணம் என்றார்கள். இப்போது வலமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா வருகிறது.

இந்தக் கதை முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. மிதவை கட்டிய பெண்ணுக்கு ஒரு நாள், "இதைப் போடு, கடன் வாங்கித் தருகிறோம்" என்று தமிழில் சொன்னார்கள். இன்னொரு நாள் வேறு ஒரு துறைக்காரர் வந்து, "இதை இங்கே போட்டால் வழக்கு" என்று தமிழில் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் அறிஞர்களுக்குள் ஒரு விவாதம் இருக்கிறது, இரண்டு பக்கமும் ஆதாரம் இருக்கிறது என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. எங்கள் பெண்கள் அதைப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள். எந்த நீவாட்டில், அதாவது நீரோட்டத்தில், எந்தப் பொருள் எந்தத் தீவுக்குப் போய் ஒதுங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மிதவையை எங்கே கட்டினால் உடைந்த துண்டு பாறைப் பக்கம் போகாது என்று கேட்டிருந்தால் கையைக் காட்டியிருப்பார்கள். கடனும் நஷ்டமும் அவர்கள் தலையில் விழுந்தது, விவாதத்தில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை.

கடல் அட்டை பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக அட்டை எடுத்தவர்கள் ஒரே நாளில் குற்றவாளி ஆனார்கள். அட்டை மணலைத் தின்று கழித்துக் கடல் தரையைச் சுத்தம் செய்கிறது, அது அழிந்தால் மற்றதும் அழியும் என்பதை நான் என் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், நம்பித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் இந்த இருபது வருடத்துக்கு மேலான தடையில் அட்டை பெருகியதா, எந்த இனம் எங்கே பெருகியது என்று ஒரு மாணவன் கேட்டான். அவனுடைய மாமா அட்டை வழக்கில் சிறை போய் வந்தவர். எதிர்க்கரையில் இலங்கையில் அதைப் பண்ணை வைத்து வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள், நமக்கு மட்டும் ஏன் இல்லை என்றும் கேட்டான். அவன் கையில் கொடுக்கத் தமிழில் ஒரு பக்கம்கூட என்னிடம் இல்லை.

கடலுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் 20 இடங்களில் எண்ணெய், எரிவாயுச் சோதனைக் கிணறு தோண்ட மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் கொடுத்த அனுமதி, மாதங்கள் கழித்து 2025 ஆகஸ்டில்தான் மக்களுக்குத் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டோம் என்று மாநில அரசு அறிவித்தது. நல்லது. ஆனால் இது எப்படி எங்களுக்குத் தெரியாமல் அவ்வளவு தூரம் போனது? 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதியைத் திருத்தி, இப்படிப்பட்ட சோதனைக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று ஆக்கிவிட்டது. கேட்க வேண்டிய கட்டாயமே இல்லை என்றால் யார் கேட்பார்கள்? அதே 2020-ல், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. மொழிபெயர்ப்பதற்குப் பதிலாக மத்திய அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. சொந்த மக்களுக்குச் சொந்த மொழியில் சொல் என்றதை எதிர்த்து ஓர் அரசு வழக்காடியதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. முடியும் என்று நீங்களே காட்டியிருக்கிறீர்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்கிற மத்திய அரசின் கடல் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுக்கிறது. எங்கேயோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் கிளம்பும் அலை எத்தனை மணிக்கு எங்கள் கரையில் ஏறும், எவ்வளவு உயரம் என்று தமிழில் வருகிறது. 2024 மே மாதம் அந்த எச்சரிக்கையைக் கேட்டு எங்கள் ஊரில் படகுகளை மேட்டுக்கு ஏற்றிக் கட்டினார்கள். அலை உயரக் கணக்கைத் தமிழில் சொல்ல முடிகிறபோது பவளப்பாறைக் கணக்கைச் சொல்ல முடியாதா? கூண்டில் மீன் வளர்ப்பது எப்படி, மிதவையில் பாசி கட்டுவது எப்படி என்றெல்லாம் கையேடுகள் தமிழில் வந்திருக்கின்றன. அதை எழுதியவர்களுக்கு நன்றி. செய்முறை சொல்லித் தருகிறீர்கள், நீங்கள் கண்டுபிடித்ததைச் சொல்லித் தருவதில்லை என்பதுதான் என் புகார். நாங்கள் உங்கள் திட்டத்தின் பயனாளிகள் மட்டும் அல்ல.

நாங்கள் உங்களுக்குத் தகவல் கொடுத்தவர்களும்கூட. என் அம்மாவை வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து ஓர் ஆய்வு மாணவர் பேட்டி எடுத்தார். நல்ல பையன், பொறுமையாகக் கேட்டான். எந்தக் கல்லில் எந்த மாதம் எந்தப் பாசி, எந்தத் தீவோரம் பவளம் வெளுத்தது, வாடைக்காற்றில் தண்ணீர் எப்படித் தெளியும் என்று அம்மா சாயங்காலம் வரை சொன்னார். சாப்பாடும் போட்டு அனுப்பினார். அதெல்லாம் பின்னால் ஒரு கட்டுரையில் 'உள்ளூர் மக்கள் தந்த தகவல்' என்று ஒரே வரியில் முடிந்திருந்தது. ஊர்ப் பெயர்கூட இல்லை. 2010-லும் 2016-லும் வெயில் காலத்தில் பவளம் வெளுத்ததை, நீங்கள் கருவியோடு இறங்கிய அதே தண்ணீரில் எங்கள் பெண்கள் வெறுங்கண்ணால் பார்த்தார்கள். 2024 ஏப்ரலில் உலகம் முழுவதும் நான்காவது முறையாகப் பவளங்கள் வெளுக்கின்றன என்று அறிவித்தார்கள். அந்தச் செய்தியை நான் படித்துச் சொன்னதும், "நம்ம பாறைக்கு மட்டும்னு நெனச்சேன், எல்லா ஊருலயுமா?" என்று அம்மா கேட்டார். கடல் சூடு 30 டிகிரிக்கு மேல் ஏறிப் பல நாள் நின்றால், பவளத்துக்குள் இருந்து அதற்குச் சாப்பாடு தயாரிக்கும் பாசி வெளியேறிவிடும், அதனால் வெளுக்கும், சூடு சீக்கிரம் இறங்கினால் பிழைத்துக்கொள்ளும் என்று சொன்னேன். மறுநாள் பாசிக்குப் போன பெண்கள் எல்லோரிடமும் அதை அவர் சொல்லிவிட்டார். வெளுத்த பாறையை மிதிக்காமல் சுற்றிப் போகிறார்கள். எந்தப் பலகையும் வைக்காமல் நடந்தது அது.

இனி என் கோரிக்கைகள்.

அந்தக் கூட்டத்தில் காட்டிய வரைபடத்தை அப்படியே தமிழில் எழுதி, எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து, பாசி எடுக்கும் பெண்களோடு உட்கார்ந்து புள்ளி புள்ளியாகச் சரிபாருங்கள். அது முடியும் வரை அந்த வரைபடத்தை வைத்துப் புதிய தடை எதுவும் போடக் கூடாது என்று வனத்துறையையும் மீன்வளத்துறையையும் கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்தைப் பாசிக்குப் போகாத நாளில் வையுங்கள்.

பொதுப்பணத்தில் இந்தக் கரையில் நடக்கும் ஒவ்வோர் ஆய்வும் முடிந்த மூன்று மாதத்துக்குள், என்ன தேடினோம், என்ன கிடைத்தது, எது உறுதி, எதில் கருத்து வேறுபாடு என்று நான்கு பக்கம் தமிழில் எழுதி, சம்பந்தப்பட்ட ஊராட்சியிலும் மீனவர் சங்கத்திலும் பள்ளியிலும் கொடுக்க வேண்டும். பணம் கொடுக்கும் துறைகள் இதை நிபந்தனையாகவே போடுங்கள். கொடுக்காதவருக்குக் கடைசித் தவணையை நிறுத்துங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றால் இந்தக் கரையில் அறிவியல் படித்த ஆசிரியர்கள் இருக்கிறோம், உட்கார்ந்து எழுதித் தருகிறோம். தகவல் கொடுத்த ஊரின் பெயரையும், அவர்கள் சம்மதித்தால் அவர்கள் பெயரையும், கட்டுரையில் போடுங்கள்.

கடல் நிறம் மாறி, மீன் செத்து ஒதுங்கி, நீங்கள் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனால், ஒரு வாரத்துக்குள் அதே கரைக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். இன்னும் முடிவு தெரியவில்லை என்றால் அதையாவது வந்து சொல்லுங்கள். பாம்பனில் மீனவர்களுக்காகவே 'கடல் ஓசை' சமுதாய வானொலி 2016-லிருந்து இருக்கிறது. வாரத்தில் அரை மணி நேரம் ஒரு விஞ்ஞானி அங்கே போய் மீனவர்களின் கேள்விக்குப் பதில் சொல்வது உங்கள் வேலையின் பகுதியாக எழுதப்பட வேண்டும்.

'ஒரே நாடு ஒரே சந்தா'வில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளையும் மாவட்டப் பொது நூலகங்களையும் சேருங்கள்.

சோதனைக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பு வேண்டாம் என்ற 2020 திருத்தத்தை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் திரும்பப் பெற வேண்டும். தாக்க மதிப்பீட்டு அறிக்கை சுருக்கமாக இல்லாமல் முழுதாகத் தமிழில், கூட்டத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். கடல் அட்டைத் தடையின் பலனைப் பற்றி இதுவரை செய்த கணக்கெடுப்புகள் அனைத்தையும் தமிழில் வெளியிடுங்கள்.

அடுத்த கிராம சபை அக்டோபர் 2 அன்று கூடுகிறது. முதல் கோரிக்கையில் கேட்ட வரைபடத்தோடு உங்களில் ஒருவராவது அன்று எங்கள் ஊராட்சிக்கு வாருங்கள். வர முடியாது என்றால், ஏன் முடியாது என்று ஊராட்சி அலுவலகத்துக்குத் தமிழில் கடிதம் எழுதுங்கள். அதைச் சபையில் நான் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பாசி எடுக்கும் ஒருவரின் மகள், அறிவியல் ஆசிரியை
ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை